சோதனைக் குவேசாரும் காணோம்

தெரிந்ததை முதலில் தேடு, தெரியாததை அப்புறம் தேடு. எங்கள் வேலையின் முதல் விதி இது. அந்த வியாழக்கிழமை நான் அதை மீறினேன். இத்தாலியின் பொலோன்யாவில் எங்கள் ரேடியோ வானியல் மையத்தின் உணவுக்கூடத்தில் வியாழனன்று, இறைச்சி பொதிந்த பாஸ்தாவான தோர்த்தெல்லீனி போடுவார்கள். ஒரு மணியைத் தாண்டினால் வெறும் சூப்புதான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமாம். எனக்கு விதி பறந்தது.

எங்கள் ஆராய்ச்சி மாணவி வியோலாவின் மூன்று வருட உழைப்பு அன்று என் கையில் இருந்தது. தொலைதூரக் கேலக்ஸி ஒன்றின் நடுவிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன. அங்கே பரவிக்கிடக்கும் நட்சத்திரங்கள்தான் காரணம் என்று ஊரே சொன்னது. இல்லை, கருந்துளையை ஒட்டி ஊசிமுனையளவு இடத்திலிருந்து வருகிறது என்பது அவள் கட்சி. பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்கள் ஒரே சமயத்தில் பதிவு செய்ததை நான் கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஊசிமுனை என்றால் திரையில் ஒரு முள் எழும். பரவலாக இருந்தால் வெறும் புல்தரை.

சாப்பிட்டு வந்து நாலு மணி வரை தேடிப் பார்த்தேன். புல்தரை.

"அவ்வளவுதான் ஓர்னெல்லா," என்றாள் வியோலா. "அப்பாவோட டைல்ஸ் ஃபேக்டரிக்கே போயிடறேன். வேலைக்கு வர்றியான்னு அஞ்சு மணிக்குள்ள பதில் கேட்டிருக்காரு." மணி நாலேகால்.

எங்கள் தலைவர் எர்மான்னோ காபியோடு உள்ளே வந்தார். "சோதனைக் குவேசார்ல முள்ளு வந்துச்சா?"

நான் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பாத்தியா, இல்லையா?"

"சாப்பிடப் போயிட்டேன்."

"முப்பது வருஷ அனுபவம். ஒரு தட்டு தோர்த்தெல்லீனிக்கு வித்துட்ட."

குவேசார் என்பது வெகு தொலைவில் பிரகாசமாக எரியும் ஒரு கேலக்ஸியின் நடுப்பகுதி; சோதனைக்கென்று நாங்கள் கூடவே பதிவு செய்யும் இது ஊரறிந்த ஊசிமுனை. கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கிடைக்கும். அதன் பதிவைக் கணினியில் ஓட்டினேன். அதையும் காணோம்.

முதலில் சிரித்தது வியோலா. பிறகு எர்மான்னோ காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். இருந்தே தீரவேண்டியது இல்லையென்றால் கோளாறு வானத்தில் இல்லை, எங்களிடம்.

"நான்தான் ஏதோ சொதப்பியிருக்கேன்," என்றேன். இதை இவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே கிடையாது.

ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் ஓர் அணுக்கடிகாரம் உண்டு. அது எத்தனை மைக்ரோ நொடி தப்புகிறது என்று குறித்து அனுப்புவார்கள். சிலர் முந்துவதைக் கூட்டலாக எழுதுவார்கள், சிலர் பிந்துவதை. கூட்ட வேண்டியதை நான் கழித்திருந்தேன். ஒரே ஒரு குறியை மாற்றினேன். குவேசாரின் முள் திரையின் உச்சியை முட்டியது.

"இப்ப என்னோடது," என்றாள் வியோலா. அவள் பதிவை மறுபடி ஓட்டினேன்.

குட்டி முள்தான். ஆனால் புல்லுக்கு மேலே தனியாக, நேராக நின்றது. எர்மான்னோ நான் உட்கார்ந்திருந்த உருளும் நாற்காலியோடு என்னைத் தள்ளிக்கொண்டு அறையை மூன்று சுற்று ஓடினார். நானும் வெட்கமில்லாமல் கூவினேன்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வியோலா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அப்பா, நான் வரல. கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்த?"

"ஒரு புள்ளிய."

அந்தப் பக்கம் ஃபேக்டரி இயந்திரங்கள் இரைந்தன.

"இங்க டைல்ஸ்ல ஒரு புள்ளி விழுந்தா ரெண்டாந்தரம்னு ஒதுக்கிடுவோம்," என்றார் அவர். "நீ அங்கயே இரும்மா. உன் கண்ணு எங்களுக்கு ஆகாது."