கேலனுக்குப் பதினேழு மைல்

என் தம்பி ஆர்வின் வாயே திறக்காதவன். அவன் பெண்டாட்டி மெர்லிஸ் வாயைத் திறந்தாலும் மனதில் இருப்பதைச் சொல்லாதவள். வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதி இப்படித்தான். நடுவில் என்னைப் போல ஒருத்தி இருந்து இரண்டு பேரையும் போட்டு உலுக்கினால்தான் யாருக்கு எங்கே வலிக்கிறது என்றே தெரியவரும்.

போன ஏப்ரலில், பனி உருகி முற்றமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள், இருவரும் என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிக்கப் வண்டிக்காக மல்லுக்கு நின்றார்கள். அது அவர்கள் மகன் டேரனுடைய வண்டி. அதை விற்றே ஆக வேண்டும் என்று மெர்லிஸ் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் கேட்டால் பெட்ரோல் என்றாள். டேரன் ஓட்டியபோது கேலனுக்குப் பதினேழு மைல் கொடுத்த வண்டி இப்போது பதினொன்றைத் தாண்டவில்லையாம். வீட்டில் கார் ஒன்று சும்மா நிற்கும்போது இதைக் கட்டிக்கொண்டு எதற்கு மாரடிக்க வேண்டும் என்று கேட்டாள். குளிர்காலத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான் என்று ஆர்வின் முனகினான். குளிர்தான் போய்விட்டதே என்றாள் அவள்.

ஆர்வின் தட்டில் இருந்த கேக்கைக் கிண்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், “ஸ்பார்க் பிளக் போயிருக்கும். மாத்தினா பழையபடி ஓடும்,” என்றான்.

“மாத்தியும் ஓடலன்னா?”

“வித்துடலாம்.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த வண்டியை விட்டால் மகனுடையது என்று சொல்லிக்கொள்ள அவனிடம் வேறு எதுவும் கிடையாது. டேரன் மாநிலத்தின் மேற்குக் கோடியில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஏதோ தடியான குழாயை மாட்டிவைத்திருந்ததால், அவன் வருவது சரளைச் சாலைத் திருப்பத்திலேயே கேட்டுவிடும். அக்டோபரில் ஒரு நாள் கிணற்று மேடையில் இரும்புக் குழாய் ஒன்று சரிந்து அவன்மேல் விழுந்தது. உடலைக் கம்பெனி அனுப்பிவைத்தது. அடக்கம் முடிந்தபின் ஆர்வின் பஸ் பிடித்துப் போய், அங்கே தொழிலாளர் குடியிருப்பு முற்றத்தில் நின்ற வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

பிளக் மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. தம்பிக்குத் தெரிந்தது டிராக்டர். டீசல் இன்ஜினில் இந்த மாதிரிப் பிளக்குக்கு வேலையில்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், நடுரோட்டில் பிள்ளைகளோடு நின்றுவிட்டால் யாரும் ஓடிவர மாட்டார்கள் என்பதால் என் வண்டியை நானே பார்த்துக்கொண்டவள். சனிக்கிழமை காலை ஆர்வின் வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். இன்ஜின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். அவசரப்பட்டால் பிளக் பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிடும், பிறகு அழுது பிரயோஜனமில்லை.

முதல் பிளக்கைக் கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருப்பினேன். கிறீச்சென்று முனகிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இது கன்னங்கரேலென்று இருந்தது. ஈரமில்லாத கரி, விரலால் தொட்டால் மையாக ஒட்டியது. இரண்டாவதும் அப்படியே. ஒன்றிரண்டு கெட்டிருந்தால் அந்த இடத்தில் கோளாறு என்று சொல்லலாம். கடைசி இரண்டையும் எடுக்க ரேடியேட்டர்மேல் கம்பளியை விரித்து குப்புறப் படுத்து, விரல் முட்டிகளைச் சிராய்த்துக்கொண்டேன். எட்டுப் பிளக்கும் ஒரே கரி.

காற்று அடைத்தாலும் கரி பிடிக்குமே என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், புதிதாகச் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் முதலில் ஓட்டிய பஸ் பெட்ரோல் பஸ். ஜனவரிக் குளிரில் பள்ளி விடும்வரை ஹீட்டருக்காக இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிறுத்திவைப்போம். அந்த மாதங்களில் பிளக்கைக் கழற்றினால் இப்படித்தான் இருக்கும். நகராமல் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜின்தான் இப்படிக் கரி பிடிக்கும்.

“இத எங்கடா ஓட்டுற நீ?” என்றேன்.

“டவுனுக்கு. சர்ச்சுக்கு.”

“ஓட்டாம எவ்வளவு நேரம்டா ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்க?”

அவன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தான். நான் விடவில்லை. பிளக்கை மூக்குக்கு நேரே நீட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தினமும் காலையில் மாடுகளுக்குத் தீனி போட்டபின் வண்டியை இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவானாம். இன்ஜினை அணைக்க மாட்டானாம். இறங்கி, சுற்றிவந்து, மறுபக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வானாம். மெர்லிஸுக்குத் தெரியாது, அவள் சமையலறையில் ரேடியோவை அலறவிட்டிருப்பாள் என்றான்.

“மறுபக்கம் எதுக்குடா?”

“ஸ்டியரிங் பக்கம் உக்காந்தா, நான் ஓட்டுறேன்னு ஆயிடுதுக்கா. இந்தப் பக்கம் உக்காந்தா, அவன் இறங்கி எதையோ எடுக்கப் போயிருக்கான், இதோ வந்துடுவான்னு இருக்கு. இன்ஜின அணைச்சிட்டா அப்படி இருக்கிறதில்ல.”

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும் ஜென்மம் நான். இதைத் தெரிந்துகொண்டே என்னைக் காலையிலிருந்து இன்ஜின்மேல் குப்புறப் படுக்கவைத்தாயா என்று திட்டினேன். நின்ற இடத்தில் எரியும் பெட்ரோலுக்கு மைல் எங்கிருந்து வரும், புதுப் பிளக்கும் கோடை முடிவதற்குள் இதே கதிக்கு வரும் என்றேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். வண்டி வேண்டுமா, அப்படி உட்கார்வது வேண்டுமா, ஒன்றைச் சொல் என்று கேட்டேன்.

துணியை மடித்து வைத்துவிட்டு, “வண்டி இருக்கட்டும்,” என்றான். இனிமேல் ஓட்டுவதற்குத் தவிர இன்ஜினைப் போடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தான். நான் எட்டுப் பிளக்கையும் கையாலேயே மரையில் ஏற்றி, அளவாக முறுக்கி, எல்லாவற்றையும் மாட்டினேன். சாவி போட்டதும் குலுங்காமல், இழுக்காமல், ஒரே சீராக ஓடியது. என் கைவேலையில் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

மே மாதம், கோதுமை விதைப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மெர்லிஸ் காபி போட்டாள். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது, ரேடியோகூடப் பாடவில்லை. ஆர்வின் டவுன் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே கணக்குச் சொன்னான். பதினேழு. போன டேங்கும் பதினேழு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் போல நின்றான்.

“அண்ணி கைராசி. அப்ப வண்டி இங்கயே இருக்கட்டும்,” என்றாள் மெர்லிஸ்.

சொல்லிவிட்டுக் காபிக் கெட்டிலைப் பிடித்தபடியே நின்றாள். என்னம்மா என்று கேட்டேன். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நான் விக்கச் சொன்னது பெட்ரோலுக்கா அண்ணி? இவரு வண்டிய எடுத்துட்டு வந்த அன்னிக்கு, திருப்பத்துல சத்தம் கேட்டதும் நான் காபிக்குத் தண்ணி வச்சுட்டேன். பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து காபி வைக்கிறேன். அதுக்கப்புறம் தினமும் காலையில கொட்டகைக்குப் பின்னால ஸ்டார்ட் ஆகும். இவருதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் ஒரு நொடி, வந்துட்டான்னு தூக்கிப்போடும். அதக் கேக்கக் கூடாதுன்னுதான் ரேடியோவ அலறவிட்டேன். தாங்க முடியலன்னுதான் விக்கச் சொன்னேன்.”

ஆர்வின் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை அன்றுதான் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

“அதான் நின்னுடுச்சேம்மா,” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“நின்னுடுச்சு. இப்ப காலையில ரேடியோவ அணைச்சிட்டு நிக்கிறேன். அந்தச் சத்தம் வரவே மாட்டேங்குது. நம்ம புள்ள அக்டோபர்ல சாகல அண்ணி. போன மாசம்தான் செத்தான்.”

நிறுத்தியவள் நான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆர்வின்தான் முதலில் அசைந்தான். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

“நான் போயி ஒரு தடவ ஸ்டார்ட் பண்றேன் மெர்லிஸ். கொட்டகைக்குப் பின்னாலதான். நீ இங்கயே இரு.”

அவள் தலையை ஆட்டினாள்.

“வேணாங்க. இப்பக் கேட்டா நீங்கன்னு தெரியும். சொல்லாம வந்தாதான் அவன்.”

அவன் கதவருகே சாவியோடு நின்றான். வண்டியை விற்கச் சொல்லி அவள் அதன்பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.