மருந்து எடுத்துக்கோங்க, செத்துடாதீங்க!

"இந்த சீசன் முடியட்டும். அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றாள் கேக் கடைக்காரி.

"போன சீசனும் இப்படித்தான் முடிஞ்சது" என்றார் கணவர். அவர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்ததும் கடைக்கு வந்து, கேக்குகளைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டுவார். "அதுக்கு முன்னாடி, புதுக் கேடயம் வரட்டும்னே. வந்தது. அப்புறம் கேடயத்துக்கு நெருப்புக் கலர் வேணும்னே."

"அந்தப் பச்சை நல்லாவே இல்லைங்க."

"அதானே. பச்சைக் கேடயத்தோட எப்படி வெளியே தலைகாட்டுறது?"

அவர் திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம். திட்டினால் வீம்புக்காவது நிம்மதியாக ஆடலாம்.

ஆட்டம் செல்போனில். இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து கோட்டையைப் பிடிக்க வேண்டும். இவள் அணியில் இவள்தான் கேடயம். முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குபவள். பின்னால் மருந்தோடு ஓடி வருபவன் ஊசி. வெளி உலகத்தில் அவன் லிப்ட் மெக்கானிக். ஆனால் லிப்டில் ஏறப் பயம், மாடிப்படி ஏறிப் போய்த்தான் ரிப்பேர் செய்வான். வில் பிடிப்பவள் வாத்து, கால்நடை மருத்துவம் படிக்கிற பெண். முதல் ஆட்டத்திலேயே குளத்தில் இறங்கி வெளியே வரத் தெரியாமல் சுற்றியதால் அந்தப் பெயர். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பேச்செல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே, காதில் மாட்டிய ஹெட்போனில்.

விடவேண்டும் என்று அவளுக்கே தெரியும். வலது கட்டைவிரல் காலையில் மடங்க மறுத்தது. முன்பெல்லாம் க்ரீமில் அவள் ரோஜா போட்டால் அந்த வட்டாரமே பார்த்து நிற்கும். போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "முட்டைகோஸ் ரொம்பத் தத்ரூபமா இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆனால் எப்படிச் சொல்வது? ஒருவர் போனால் அணியே கலைந்துவிடும். ஊசி ஒற்றை அறையில் தனியாக இருப்பவன்; வாத்து தோற்றால் அழுதுவிடும் பெண். அதைவிட, தனக்கே ஒரு பயம் இருந்தது. ஆட்டம் போனால் அந்த இரண்டு குரல்களும் போய்விடும். நாள் முழுக்க "அரைக் கிலோ, முட்டை போடாதது" என்பதையே கேட்கிற காதுக்கு, அந்த அரட்டைதான் சாயங்காலம். இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாலையில் சீசனின் இறுதி ஆட்டம். ஊசியும் வாத்தும் யாரோ முன்பின் தெரியாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு காலையிலேயே பயிற்சியில் இறங்கிவிட்டார்கள். இவள் கை வேலையில் இருந்தது, காது மட்டும் ஆட்டத்தில். ஒரு பெரியவரின் எழுபதாவது பிறந்தநாள் கேக். 'நலமுடன் வாழ்க அப்பா' என்று எழுத வேண்டும். அது கை பாட்டுக்கு எழுதிவிடும் வாசகம்தான்.

கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"ஏம்மா, இது வாழ்த்தா, மிரட்டலா?"

வெள்ளைக் க்ரீமின் மேல், சாக்லெட் எழுத்தில், ஆச்சரியக்குறியோடு: 'மருந்து எடுத்துக்கோங்க, செத்துடாதீங்க!'

"ஐயோ! ஊசி கத்தினான்!" ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். "சுரண்டிடலாம், கத்தியைக் கொடுங்க, சீக்கிரம்!"

கத்தி வருவதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டாள், பெரியவரின் மருமகள். கேக்கைப் பார்த்தாள். உதடு அசையப் படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று இருவரும் பதறினார்கள்.

"யார் சொல்லி எழுதினீங்க? எங்க வீட்டுக்காரரா?" சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாமா மாத்திரையை எல்லாம் ஜன்னல் வழியா செடிக்குப் போட்டுடறாருங்க. செடி நல்லா இருக்கு, இவருக்குத்தான் பிரஷர். சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அப்படியே கட்டிக் கொடுங்க."

அவள் தலை மறைந்ததும் கணவர் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். இவளும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"திங்கட்கிழமை கல்யாண கேக் ஒண்ணு இருக்குங்க."

"சரி. ஊசி வேற என்னெல்லாம் கத்துவான்?"

"'விட்டுட்டு ஓடிடுங்க'ன்னு."

கணவரும் சிரிப்பை நிறுத்தினார்.

அந்த நிமிஷத்தில் அவள் முடிவு செய்தாள். "ஜெயிச்சா இன்னொரு சீசன் ஆடத் தோணும். தோத்தா பழிவாங்கத் தோணும். அதனால ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

மாலையில் சொல்லியும் விட்டாள். ஒரே மூச்சில், கண்ணை மூடிக்கொண்டு. "தம்பி, வாத்து, இதுதான் என் கடைசி ஆட்டம். கோவிச்சுக்காதீங்க."

ஊசி, "அக்கா, நீங்க முந்திக்கிட்டீங்களே!" என்றான்.

"என்னது?"

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி ரொம்ப நாளாச்சுக்கா. அவங்க தினமும் இந்த நேரத்துக்குத்தான் போன் பண்றாங்க. லிப்ட்ல வேலைன்னு சொல்லிச் சொல்லி, இந்த ஊர்ல ஒரு லிப்ட்கூட ஓடலைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"அடப்பாவி! அப்புறம் ஏண்டா விடல?"

"வாத்துதான் சொல்லிச்சு. அக்காவுக்கு இதை விட்டா வேற சந்தோஷமே இல்ல, பாவம்னு."

"நான் பாவமா?"

"நான் சும்மா சொன்னேன்க்கா!" வாத்து அலறினாள். "அண்ணன் தனியா இருக்கார், பாவம்னு நீங்க சொன்னீங்கல்ல? அதுக்காகத்தான் நானே இருக்கேன். எனக்குப் பரீட்சை தலைக்கு மேல இருக்கு. மாட்டுக்கு இருக்கற நாலு வயித்துல ரெண்டுதான் ஞாபகத்துக்கு வருது!"

மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைப் பாவம் பார்த்தே இத்தனை காலம் கோட்டை பிடித்திருக்கிறார்கள்.

இறுதி ஆட்டத்தைச் சிரித்தே தோற்றார்கள். ஊசி அவசரத்தில் எதிரிக்கு மருந்து கொடுத்தான். வாத்து பழைய வழக்கம் மாறாமல் குளத்தில் இறங்கினாள். திரையில் பச்சையாக ஒரு பொத்தான் எழும்பியது: 'மீண்டும் ஆடலாமா?' இவள் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் அதை நோக்கி நகர்ந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்றாள்.

"தொடல" என்றாள் வாத்து.

"லேசாத் தொட்டேன். கையை எடுத்துட்டேன்" என்றான் ஊசி.

"யோசிச்சா மனசு மாறிடும்க்கா. நான் இப்பவே போன்ல இருந்து ஆட்டத்தை அழிச்சிடறேன். பை அக்கா, பை அண்ணே!"

வாத்தின் பெயர் திரையில் சாம்பல் நிறமானது.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள் இவள். "சரி, உன் நம்பரைச் சொல்லு தம்பி. இனிமே போன்ல பேசிக்கலாம்."

ஊசி சொன்னான். இவள் போட்டுக்கொண்டாள். "வாத்து நம்பர்?"

"உங்ககிட்ட இல்லையா?"

"உன்கிட்ட இல்லையா?"

இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்தக் கல்லூரி என்று தெரியாது. பூனை கடித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டவள் என்று மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? இவள் மூக்கை உறிஞ்சினாள். எதற்குப் பயந்து விடாமல் இருந்தாளோ, அது விட்ட உடனேயே நடந்துவிட்டது.

"அழாதீங்கக்கா. ஞாபகம் வந்தா இங்கதானே வரணும்? திரும்ப டவுன்லோட் பண்ண நேரமாகும். இருந்து பார்ப்போம்."

காத்திருந்தார்கள். "மூணாவது ஆள் வேணுமா?" என்று யார் யாரோ கேட்டு வந்தார்கள். "ஆள் இருக்கு" என்று அனுப்பிவைத்தார்கள். ஊசிக்குப் போன் வந்தது. முதன்முறையாக வருங்கால மனைவியிடம் உண்மையைச் சொன்னான்: "ஒரு வாத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்." அவள் நம்பவில்லை. அதற்கு லிப்ட் கதையே தேவலை என்றாளாம்.

கணவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆடலையா?"

"இல்ல."

"அப்ப என்ன பண்றே?"

"ஆடாம இருக்கேன்."

"அதுக்கும் அதே இடத்துலதான் உட்காரணுமா?"

வாத்து காணாமல் போய்விட்டாள் என்று சொன்னதும் அவர் கிண்டலை விட்டார். போன் சார்ஜ் குறைவதைப் பார்த்துத் தானே வயரைக் கொண்டுவந்து சொருகினார். ரேக்கில் இருந்த கேக் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், தரை துடைத்து, துடைத்த தரையும் காய்ந்தது.

திரையில் சாம்பல் பெயர் பச்சையானது.

"அக்கா! அண்ணே! இருக்கீங்களா?" குரல் அழுது கரகரத்திருந்தது. "அழிச்சப்புறம்தான் உறைச்சுது! கேக் கடைன்னு தேடினா உலகத்துல எத்தனை கேக் கடைக்கா! எல்லாத்துக்கும் போன் பண்ணியாவது கண்டுபிடிச்சிருப்பேன்."

"முதல்ல நம்பரைச் சொல்லுடி. மூக்கை அப்புறம் சிந்தலாம்."

நம்பர் வாங்கி, அதற்குப் போன் போட்டு, மணி அடிக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். ஊசி தன் பங்குக்கு ஒரு முறை அடித்துப் பார்த்தான்.

"இப்ப யார் முதல்ல அழிக்கறது?" என்றான்.

"இதென்ன கேள்வி? எப்பவும் யார் முன்னாடி போறது?" என்றாள் கேடயம். அழித்தாள். நெருப்புக் கலர் கேடயம் போனபோது மட்டும் மனசு கொஞ்சம் சுருக்கென்றது.

திங்கட்கிழமை கல்யாண கேக்கில் ரோஜா இன்னும் முழு ரோஜாவாகவில்லை. ஆனால் முட்டைகோஸ் என்று யாரும் சொல்லவில்லை. மதியம் மூவரும் போனில் ஒன்றாக இருந்தார்கள். வாத்து மூன்றாவது வயிற்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எங்கோ மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த ஊசி, "யாராவது லிப்டை ரிப்பேர் பண்ணுங்கப்பா!" என்று புலம்பினான்.

வாழ்த்து எழுத வேண்டிய நேரம் வந்ததும், இவள் ஹெட்போனைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அதன் பிறகுதான் க்ரீம் பையைக் கையில் எடுத்தாள்.

எழுதி முடித்ததும் கணவர் வந்து குனிந்தார். இப்போதெல்லாம் எல்லாக் கேக்கையும் சத்தமாகப் படித்த பிறகுதான் மூடுகிறார்.

"மணமக்கள் நீடூழி வாழ்க" என்று படித்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். "ஓடச் சொல்லல. மூடிடலாம்."