பிரௌனியின் முட்டை

"என்னடி மகா, அடுப்புல என்ன கொதிக்கறது?"

தமயந்தி மாமி அவுட்ஹவுஸ் வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். அந்த மூக்குக்குத் தப்பிய முட்டை மல்லேஸ்வரத்தில் கிடையாது.

"அங்கன்வாடியில குடுத்தாங்கம்மா. சஹானாவுக்கு எடையே ஏறலையாம். தினம் ஒண்ணு குடுக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்காரு."

"காம்பவுண்டுக்குள்ள அது வரப்படாதுன்னு சொல்லித்தானே குடி வெச்சேன்? இன்னொரு தடவை பார்த்தேன்னா வீட்டைக் காலி பண்ணிடணும். ராகிக் கஞ்சி குடு. எல்லாச் சத்தும் அதுலயே இருக்கு."

மூன்று வயது முடிந்தும் ஒன்றரை வயதுப் பிள்ளைபோல் இருந்த சஹானா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை தெருக் குப்பைக்குப் போனது. கஞ்சியை மகா கொடுக்காமல் இல்லை. கஞ்சி உள்ளே போகும்; சாக்கடை மூடியை ஒட்டிய குழாய்த் தண்ணீர் அதைப் பேதியாக்கி வெளியே அனுப்பிவிடும்.

ஆசாரம் என்றால் ஆசாரம்தான். ஆனால் மாமியின் நாய் பிரௌனி விஷயம் வேறு. முடி கொட்டுகிறதென்று கால்நடை டாக்டர் அதற்குத் தினம் முட்டை எழுதித் தந்திருந்தார். எழுதித் தந்தால் அது மருந்து. கார் ஷெட்டில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், குடிக்க ஃபில்டர் தண்ணீர். அவிப்பது, உரிப்பது, ஊட்டுவது எல்லாம் மாமி வீட்டு வேலையும் பார்த்த மகாதான். அந்த நேரம் மாமி பூஜை அறையில் கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"இதுவும் காம்பவுண்டுக்குள்ளதானேம்மா இருக்கு?" என்று மகா கேட்டுத்தான் பார்த்தாள்.

"அது வாயில்லா ஜீவன்டி. உன் பொண்ணுக்கு வாய் இருக்கோன்னோ?"

இருந்தது. மறுநாள் கார் ஷெட்டில் மகா முட்டையை உரித்தபோது சஹானா அந்த வாயை ஆவென்று திறந்தாள். மகா பூஜை அறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். ஸ்லோகம் பாதியில்தான் இருந்தது. முட்டைக்குப் பின்னால் ஒரு டம்ளர் ஃபில்டர் தண்ணீரும் போனது.

எதிர்வீட்டு வனஜா மாடியிலிருந்து தினமும் பார்த்தாள். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை பரப்புகிறவள், இதை மட்டும் மென்று விழுங்கிவிட்டாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. அங்கன்வாடித் தராசு ஒருவழியாக அசைந்தது.

"பாத்தியா? நான் சொன்ன கஞ்சிதான்!" மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு முகம் வாடியது. "இந்தப் பிரௌனிதான் எளைச்சுண்டே போறது. மறுபடியும் முடி கொட்டறது. என்ன குடுக்கறதுன்னே தெரியலைடி."

மகா கார் ஷெட் அடுப்பைத் துடைத்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்:

"ராகிக் கஞ்சி குடுங்கம்மா. எல்லாச் சத்தும் அதுலயே இருக்கு."