யார் முதலில் தட்டுவது

நதீன் லாரோக் உருவாக்கிய நெட்வொர்க் கார்டில் நாலு மணிக்குள் பச்சை விளக்கு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் ஒன்றரை வருட உழைப்பு அம்போ. அவள் குழுவில் நாலு பேருக்கு வேலையும் போய்விடும். போன வருடம் அவர்கள் ஊரான கனாட்டாவில் பாதி சிப் கம்பெனிகள் இழுத்து மூடிவிட்டன. வேறு வேலைக்கு எங்கே போவது?

ஒவ்வொரு கம்பெனியும் தன் சாமானை மற்றவர்கள் சாமானோடு கேபிள் போட்டுச் சோதிக்கும் நாள் அது. நாலு மணிக்கு முடியும், எல்லாவற்றோடும் பச்சை எரிந்தால்தான் தேர்ச்சி. காலையிலிருந்து மற்றவர்களின் பதினோரு நெட்வொர்க் பெட்டிகளில் தன் கார்டின் கேபிளைச் செருகிவிட்டாள். செருகியதுமே பச்சை! பன்னிரண்டாவதில்தான் வினை வந்தது. அதுவும் யாருடைய பெட்டி? ரஸ் மெல்னிக்குடையது. போயும் போயும் அவனுடையதா!

பழைய கம்பெனியில் ஏழு வருடம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அது மூடியதும் ஆளுக்கொரு இடம் போனார்கள். அவன் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள், மூன்று வருடம் ஓடிவிட்டது. பெரிய கோபமெல்லாம் இல்லை, வெறும் வீம்பு.

"கேபிளை மாத்திப் பாத்தீங்களா?" என்றான் ரஸ், முகத்தைப் பார்க்காமல்.

"மூணு தடவை மாத்தியாச்சு. உங்க பெட்டிதான் செத்துக் கிடக்குது."

"எங்க பெட்டி காலைலேர்ந்து எல்லாரோடயும் நல்லாத்தான் பேசிச்சு. உங்களோடதான் பேச மாட்டேங்குது."

சோதனைக்குப் பொறுப்பான பிரெண்டா தலையில் அடித்துக்கொண்டாள். "சண்டைன்னா வாய்விட்டுப் போடுங்கப்பா. இந்த வாங்க போங்க சகிக்கல. மணி மூணரை ஆச்சு, தெரியுமில்ல?"

நதீன், கம்பியில் ஓடுவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியை மாட்டினாள். அனுப்ப ஒன்றுமே இல்லாவிட்டாலும், 'நான் இருக்கேன்' என்று கம்பியில் ஒரு சின்னத் துடிப்பை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். எதிர்முனையின் துடிப்பு காதில் விழுந்தால்தான் விளக்கு எரியும். திரையிலோ நேர்கோடு. இந்தப் பக்கமும் துடிப்பு இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மடிக்கணினியின் பேட்டரியை மிச்சம் பிடிக்க அவள் கார்டு ஒரு தந்திரம் செய்யும். கம்பியில் யாரும் இல்லையென்றால் துடிப்பை நிறுத்திவிட்டுத் தூங்கும். எதிர்முனை தட்டினால் எழுந்துகொள்ளும். மற்ற பெட்டிகள் தாமே தட்டியதால் காலையிலிருந்து வண்டி ஓடியது.

"உங்க பெட்டியும் தூங்குதா?" என்று கேட்டாள்.

ரஸ்ஸின் காதெல்லாம் சிவந்தது. "ஆமா. யாராவது தட்டினா எழுந்துக்கும்."

"அடப்பாவி! பழைய ஆபீஸ் கேன்டீன்ல டிஷ்யூ பேப்பர்ல நாம படம் போட்டோமே, அதே தந்திரமா?"

"நாம தின்ன பட்டர் டார்ட் இனிப்போட பாகு ஒட்டின பேப்பர். இன்னும் வச்சிருக்கேன். தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சியா?"

'நீங்க' எங்கோ போய்விட்டிருந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

யாராவது ஒருவர் தன் பக்கத்து நிரலை மாற்றினால் போதும். ஆனால் மாற்றுகிறவர் பக்கம்தான் குறை என்று பிரெண்டா எழுதிக்கொள்வாள். ரஸ் நதீனைப் பார்த்தான், நதீன் கடிகாரத்தைப் பார்த்தாள். மூணே முக்கால்.

"எழவு, நானே மாத்தறேன்," என்று கீபோர்டை இழுத்தாள். தூக்கத்திலும் நொடிக்கு ஒருமுறை தட்டு என்று ஒரே ஒரு வரி. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். கார்டில் ஏற்றிக் கேபிளைச் செருகினாள்.

பச்சை! அந்தப் பெட்டியிலும் பச்சை. நதீனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நாலு பேருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

பிரெண்டா பேனாவை எடுத்தாள். "சரி, குறை யார் பக்கம்னு எழுத?"

"ரெண்டு பக்கமும்னு எழுதுங்க," என்றான் ரஸ்.

நதீன் அவன் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷத்துல ஒரு போன் பண்ணக் கூடாதாடா?"

"நீ பண்ணுவேன்னு இருந்தேன்."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே நானே தட்டறேன். நொடிக்கு ஒரு தடவையெல்லாம் முடியாது. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு."