விடுபட்ட நான்கு வருடங்கள்

பென்ஷன் ஆபீஸ்காரி போனில் இனிமையாகத்தான் சொன்னாள். லொரைனின் பென்ஷன் கணக்கில் நான்கு வருடச் சந்தா விடுபட்டிருக்கிறது. ஏப்ரலுக்குள் மூவாயிரத்து முந்நூறு பவுண்டு கட்டினால், சாகும்வரை வாரத்துக்கு இருபத்தைந்து பவுண்டு கூடுதலாக வரும்.

"அந்த நாலு வருஷம் என்ன செஞ்சீங்க மேடம்?"

"வேலைய விட்டுட்டுப் பேத்தியப் பாத்துக்கிட்டேன். மருமகளுக்கு ஆஸ்பத்திரில ஷிப்டு."

"அப்போ நீங்க பைசா கட்ட வேண்டாமே. பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டதையே கட்டினதாக் கணக்குல வச்சுக்குவோம். ஒரு ஃபாரம் அனுப்புறேன். நீங்கதான் பாத்துக்கிட்டீங்கன்னு பிள்ளையோட அம்மா கையெழுத்துப் போட்டாப் போதும்."

போதுமாம். லொரைனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. மகன் கிரெய்கும் மருமகள் கர்ஸ்டியும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பத்து வயதுப் பேத்தி ஐவி யாரிடம் வளர்வது என்று அடுத்த மாதம் கோர்ட்டில் முடிவாகப் போகிறது.

லொரைனிடம் மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு இருந்தது. ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவிச் சேர்த்த பணம். அதில்தான் குளியல் தொட்டியைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஷவர் வைக்க வேண்டும். தொட்டியைத் தாண்டக் காலைத் தூக்கினால் முழங்கால் உயிரை எடுத்தது. அறுபத்தைந்து வயதில் தினமும் ஒரு தொட்டியோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கர்ஸ்டி வீட்டுக்குப் போனாள். கர்ஸ்டி நைட் டூட்டி பார்த்த கண்ணோடு கதவைத் திறந்தாள். கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். ஃபாரத்தைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது கிரெய்க் சொல்லிக் குடுத்த வேலையா லொரைன்?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது."

"'இவ வீட்டுலயே இல்ல, எங்கம்மாதான் புள்ளைய வளத்தாங்க'ன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கான். நீங்க சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டீங்க, அவ்வளவுதான்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"ரெண்டு மணி நேரமா?"

காலை ஆறிலிருந்து ராத்திரி ஏழு வரை, நான்கு வருடம். ஐவிக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவளே லொரைன்தான். டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பொய்தான்," என்றாள் கர்ஸ்டி. "தெரிஞ்சேதான் எழுதுனேன். நீங்க இல்லைன்னா நான் வேலைக்கே போயிருக்க முடியாது. குடுங்க, போடுறேன்."

பேனாவை எடுத்துவிட்டாளே தவிர, காகிதத்தில் வைக்க முடியவில்லை. தன் பிள்ளையை வேறொருத்தி பார்த்துக்கொண்டாள் என்று தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். அது நாளைக்கு யார் கையில் போய்ச் சேருமோ. மாடியில் ஐவி ஏதோ பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். கர்ஸ்டியின் உதடு கோணிக்கொண்டு போவதை லொரைன் பார்த்தாள். கோபத்தை வைத்துக்கொள்ளக்கூட லொரைனுக்குத் தெம்பில்லை.

ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விடும்மா. அவசரமில்ல."

அவசரம்தான். ஏப்ரலுக்கு மூன்று வாரம் இருந்தது.

திங்கட்கிழமை போனை வேறொரு ஆள் எடுத்தான். நான்கு வருடத்துக்கும் பணம் கட்டிவிடுகிறேன் என்றாள் லொரைன். அவன் நல்ல மனுஷன், அவசரப்படவில்லை.

"பெரிய தொகை மேடம். பேரப்பிள்ளை யாரையாவது பாத்துக்கிட்டிருந்தீங்கன்னா இது இலவசமாவே கிடைக்கும். அந்த நாலு வருஷத்துல அப்படி ஏதாவது உண்டா?"

"இல்லப்பா," என்றாள் லொரைன். "வீட்டுல சும்மாதான் இருந்தேன்."