கூடத்துக் கேமரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

எங்கள் வீட்டில் கேமரா வைத்த கதையைச் சொல்வதற்கு முன்னால் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் சண்டை புரியாது. வாசல் கதவைத் திறந்தால் நேராகக் கூடம். பதினெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் இரண்டு வழிகள். முதலில் மாமாவின் அறைக் கதவு, அதை ஒட்டினாற்போல் மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு. படிகள் பதினான்கு. அளவெல்லாம் மாமா, அதாவது என் மாமனார், சொன்னது. முப்பத்தெட்டு வருடம் சர்வேயராக இருந்தவர். நான் அரை அங்குலம் தப்பாகச் சொன்னாலும் மறுபடி டேப்பைப் பிடிக்கச் சொல்வார்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் படிக்கட்டில்தான் மாமா செருப்பு வழுக்கி விழுந்தார். கணுக்காலில் சின்ன விரிசல். கட்டுப் போட்டு, கட்டும் பிரித்து, "இனிமே மெதுவா நடக்கலாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். சொல்லாதவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்புப் பொறுப்பாளர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்த்துக் காலாவதித் தேதியைத் தேடுவார். "என்னையும் அப்படித்தான்மா பாக்கறான்" என்பது மாமாவின் புகார்.

"பகல்ல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம்பா. ஒண்ணு, உங்ககூட இருக்க ஒரு ஆள் வைக்கணும். இல்லேன்னா கூடத்துல கேமரா வைக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் வேண்டாம்னு மூணாவது ஒண்ணு இருக்குமே."

"இல்ல. மாடிப்படிப் பக்கமும் போகக் கூடாது."

மாமா காலைத் தடவிக்கொண்டார். மாடிக்குப் போகாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மேம்பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. விழுவதற்கு முன்புவரை தினமும் காலையில் மாடியில் நின்று அதைப் பார்வையிட்டவர் அவர். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் மூன்றாவது தூணுக்கு அப்புறம் வளைவு சரியாக வருமா என்ற கவலை பாலம் கட்டுகிறவர்களைவிட அவருக்குத்தான் அதிகம்.

மறுநாள் காபி குடிக்கும்போது முடிவைச் சொன்னார். "ஆள் வேண்டாம். கேமராவே வைங்க. ஆனா நான்தான் பாத்து வாங்குவேன்."

கடைக்கு மூவருமாகப் போனோம். கேமராக் கடைக்காரர் நல்ல பேச்சாளி. வாசலுக்கு ஒன்றை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம், அதில் தகராறு இல்லை. கூடத்துக்குத்தான் நேரம் ஆயிற்று. அவர் மேசைமேல் ஆறு பெட்டிகளை அடுக்கி, தானாகவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உருண்டை ஒன்றை முதலில் எடுத்தார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"தம்பி, இது எத்தனை டிகிரி பாக்கும்?" என்றார் மாமா.

"ரூம் பூரா பாக்கும் சார்."

"இது?"

"நூத்தி இருபது."

"அதிகம். இதைவிடக் குறைச்சலா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டிமேல் எழுதியிருந்ததைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். "எழுபத்தஞ்சு இருக்கு சார். ஆனா கம்மியா பாக்கற கேமரா வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"அகலமா பாக்கறது எல்லாத்தையும் சின்னதா காட்டும். திருடன் வந்தா முகம் தெரிய வேண்டாமா?"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று கடைக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று என் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "இதுல இன்னொரு வசதி என்னன்னா சார்" என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"வசதி எல்லாம் அவன்கிட்ட சொல்லுங்க. எனக்கு லென்ஸ் போதும்" என்று மாமா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பொருத்துகிற அன்று காலையில் மாமா சாக்பீஸும் டேப்புமாகத் தயாராக இருந்தார். மூலையில் வைக்கலாம் என்றார் கடைக்காரர். வாசல் கதவுக்கு மேலே, சுவரின் நட்டநடுவில் வைக்க வேண்டும் என்றார் மாமா. கடைக்காரர் ஏணிமேல் நின்று திருகாணி முடுக்க, கீழே மாமா தரையில் இரண்டு கோடு இழுத்தார். கேமரா பார்க்கும் எல்லை அது. எனக்கு டேப்பின் மறுமுனை. கோடுகள் விசிறிபோல் விரிந்து போய்ப் பக்கச் சுவர்களைத் தொட்டன. இடது பக்கம் தொட்ட இடம் வாசலிலிருந்து ஏழே முக்கால் அடி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஏழே முக்கால் அடிக்குள் மாமாவின் அறைக் கதவு இருந்தது. படிக்கட்டும் இருந்தது. அறையிலிருந்து மாடிக்குப் போகும் வழி முழுக்கக் கோட்டுக்கு வெளியே.

"என்னம்மா பாக்கற?"

"ஒண்ணுமில்ல மாமா. கோடு நேரா இருக்கு."

"அளந்து போட்டா நேராத்தான் இருக்கும்" என்றார், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். இரண்டு பேருக்கும் சோறு போடுகிறவள் நான். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் எனக்குத்தான் கஷ்டம். கோட்டைத் துடைத்து வீட்டைப் பெருக்கிவிட்டேன்.

மாமா செய்த தப்பு ஒன்றே ஒன்று. அவர் அளந்தது கண்ணை. கேமராவுக்குக் காதும் உண்டு என்று கடைக்காரர் கடையில் சொல்ல வந்ததையும் கேட்கவில்லை, ஏணியில் நின்றபடி என் வீட்டுக்காரருக்குச் சொன்னதையும் கேட்கவில்லை. அப்போது அவர் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் கிடங்கிலிருந்து போனில் கூடத்தைப் பார்த்திருக்கிறார். கூடம் காலி. நாற்காலி, மேசை, மடித்து வைத்த பேப்பர். ஆனால் குரல் வந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு." ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டொக்', கைத்தடி படியில் படும் சத்தம். கொஞ்சம் மூச்சு வாங்கல். அப்புறம் நாலிலிருந்து ஒன்று வரை இறங்குமுகமாக எண்ணிக்கை.

அன்று மாலை என்னிடம் கொதித்தார். "ஏமாத்திட்டார். சாப்பிடும்போதே கேட்டுத் தடுக்கறேன் பாரு." சாப்பிடும்போது கேட்டது இதுதான்: "கால் எப்படிப்பா இருக்கு?"

"இருக்கற இடத்துல இருக்கு."

செவ்வாய்க்கிழமை ஐந்து. புதன் ஆறு. வியாழக்கிழமை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, பரீட்சை முடிவு சொல்கிறவர்போல் காதோடு சொன்னார். "இன்னிக்கு ஏழு."

"தடுக்கப் போறேன்னு சொன்னீங்க?"

"தடுக்கத்தான் போறேன். எட்டாவது படி கொஞ்சம் உயரம். அதை எப்படி ஏறறார்னு பாத்துட்டு."

"பாக்கறீங்களா?"

"சரி, கேட்டுட்டு" என்று போய்விட்டார்.

அதிலிருந்து பதினொரு மணி என்றால் அவருக்குக் கிடங்கில் வேறு வேலை ஓடவில்லை. அலமாரிச் சந்துக்குள் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்துக்கொள்வாராம். யாரோ காதலி என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். எட்டாவது படி ஏறிய அன்று மாமா எட்டை இரண்டு தடவை எண்ணினார் என்று எனக்கு மெனக்கெட்டு போன் செய்து சொன்னார். அப்பாவை அதட்டவும் மனம் வரவில்லை, பயமும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் மனுஷன் இளைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை பன்னிரண்டு வரை எண்ணிக்கை வந்தது. அப்புறம் சத்தம் இல்லை. இறங்குமுக எண்ணிக்கையும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மாமாவின் போன் அறையிலேயே அடித்தது கேமரா வழியாக இவருக்குக் கேட்டிருக்கிறது. எடுக்க ஆளில்லை. எனக்கு "வீட்டுக்கு வா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, கிடங்கின் நீலக் கோட்டோடு ஓடியிருக்கிறார்.

என் அலுவலகம்தான் பக்கம் என்பதால் இருவரும் வாசலில் ஒன்றாகவே சேர்ந்தோம். அவர் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தோம். பன்னிரண்டாவது படியில் மாமா உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில். விழவில்லை, அடியும் இல்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இந்த இடத்துலதான் அன்னிக்கு வழுக்கிச்சு. கால் எடுக்க வரல. மேலயும் முடியல, கீழயும் முடியல. சரி, உக்காரலாம்னு உக்காந்தேன்." பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஆமா, நீ எப்படி இந்த நேரத்துல?"

இவர் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது இங்க பாக்காதே. நான் அளந்தேன்."

"பாக்காது. கேக்கும்."

"எத்தனை நாளா?"

"நாலாம் படியிலேர்ந்து."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமா தடியை ஊன்றிக்கொண்டார். "சரி, வந்தது வந்துட்ட. பின்னாடி நில்லு. தொடாத. தொட்டா எண்ணிக்கை தப்பிப் போயிடும்." இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல், ஒரு படி கீழே நின்றார். பதிமூன்று. பதினான்கு. இரண்டையும் எண்ணியது மகன்தான். மாமாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேலே போய் பாலத்தைப் பார்த்தவர், மூன்று மாதத்தில் நாலு தூண் எழுப்பிவிட்டார்கள், வளைவும் சரியாகத்தான் வருகிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

கூடத்துக் கேமராவைக் கழற்றிவிடலாம் என்று அன்று சாயங்காலம் சொன்னது என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றது மாமா.

"கழட்டினா நீ ஆள் வைப்ப. இருக்கட்டும். கேக்கட்டும், பாக்க வேண்டாம். ஏறும்போது சத்தமாவே எண்ணறேன். பாதியில நின்னா நீ போன்ல கூப்பிடு, இனிமே சட்டைப் பையிலயே வச்சுக்கறேன், பதில் சொல்றேன். பதில் வரலேன்னா ஓடி வா."

கடைக்காரர் வந்து கேமராவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். "ஊர்ல யாருகிட்டயும் நான் வச்சேன்னு சொல்லாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். இப்போது அது பகல் முழுக்கச் சுண்ணாம்புச் சுவரைப் படம் பிடிக்கிறது. நேற்று கிடங்கில் பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரரின் போன் 'வீட்டில் ஆள் நடமாட்டம்' என்று அலறியதாம். எடுத்துப் பார்த்தால் ஒரு பல்லி. போகிற போக்கில் நின்று கேமராவுக்கு முகத்தை நன்றாகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதே நேரத்தில் பின்னாலிருந்து மாமாவின் குரல் ஒன்பது, பத்து என்று வந்துகொண்டிருந்ததால் அதிகாரி சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.