மீன் வாடை அடித்த மல்லிகை

சேதுபதியின் மீன்தலைக் கறிச் சாப்பாட்டுக் கடைப் புகைக்குழாய், பக்கத்திலிருந்த பஞ்சவர்ணத்தின் பூக்கடைக்குள்ளேதான் ஊதியது. சாமிக்குப் போகும் பூவை முகர்ந்துகூடப் பார்க்காதவள் அவள். இப்போது அவள் கட்டும் மல்லிகையில் மீன் வாடை அடித்தது. தேக்கா கடைத்தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"நஷ்டஈடு தர்றேன்லா, கேஸ் எதுக்கு?" என்றான் சேதுபதி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காசு வாங்கினா சரியாப்போகும்னு ஜட்ஜுக்குத் தோணிட்டா, புகைய நிறுத்தத் தடை உத்தரவு கிடைக்காதுக்கா," என்று வக்கீல் யாமினி எச்சரித்திருந்தாள்.

சாட்சிக் கூண்டில் சேதுபதி, புகையால் பூவுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றான். பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு யாமினியின் காதில் ஏதோ சொன்னாள்.

யாமினி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "உங்கள் கடைச் சாமி படத்துக்கு மாலை எங்கே வாங்குகிறீர்கள்?"

"டேங்க் ரோட்டுல."

"அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்திலேயே பூக்கடை இருக்கிறதே?"

சேதுபதி பட்டென்று சொல்லிவிட்டான்: "மீன் வாடை அடிக்கிற மாலைய சாமிக்கு எப்படிங்க போடுறது?"

பணத்தால் தீர்கிற பாதிப்பு இது இல்லை என்று சொல்லி, நீதிபதி அந்தப் புகைக்குத் தடை விதித்தார்.

வெளியே யாமினி கைகொடுத்தாள். பஞ்சவர்ணம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் ஊதியிருக்கான், யாமினி. அவன் சாமிய மட்டும் காப்பாத்திக்கிட்டான்."